மாடி வார்டுக்குப் போய்ப் பார்

கண்ணு,

எமர்ஜென்சி மெடிசினில் உனக்கு எம்.டி. இடம் கிடைத்த சேதியை உன் அப்பா போனில் சொன்னபோது அவன் குரலில் பெருமையும் பயமும் கலந்தே இருந்தன. பயம் என்னைப் பார்த்து வந்தது. உன் அத்தை முப்பத்துநான்கு வருடம் நெடுஞ்சாலையோர அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் இருந்தவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உன் காதுகுத்துக்கும் பாதியில் வந்து பாதியில் போனவள். எங்கள் காலத்தில் அது ஒரு துறையே இல்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை தங்குகிறவர்களும், மேலே இருப்பவருக்குப் பிடிக்காமல் போனவர்களும் வந்து உட்காரும் இடம். இந்திய மருத்துவக் கவுன்சில் அதைத் தனிப் படிப்பாக ஏற்றுக்கொண்டதே 2009-இல்தான்.

புத்தகத்தில் இருப்பதை உன் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது நான் தவறிய இடங்களை. முதல் ட்யூட்டிக்கு முன்னால் ஒரு தடவை படி. மூன்று வருடம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்.

1. ஓடாதே, வேகமாக நட. பதறாத காரியம் சிதறாது என்று உன் கொள்ளுப்பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்வாள். அது கேஷுவாலிட்டிக்கும் சொன்ன சொல் என்று புரிய எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. டாக்டர் ஓடினால் சிஸ்டர் ஓடுவாள், வார்டு பாய் ஓடுவான், வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் உள்ளே பாய்வார்கள். ஸ்ட்ரெச்சர் வந்ததும் மணிக்கட்டைப் பிடி, முகத்துக்கு நேரே குனி, "உங்க பேர் என்னங்க?" என்று கேள். அவன் தெளிவாகப் பெயர் சொன்னால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. விரலுக்கடியில் நாடி, உள்ளங்கையில் தோலின் குளிர்ச்சி. அரை நிமிடத்தில் இத்தனையும் கிடைத்துவிடும். தன்னை ஒருவர் பெயர் கேட்டார் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

2. அலறுகிறவன் பக்கம் எல்லார் கண்ணும் தானாகப் போகும். நீ அலறாதவர்களைத் தேடு. 1986 வைகாசி, முகூர்த்த நாள். கல்யாண வேன் கவிழ்ந்து பதினான்கு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒருவனுக்குக் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. அவன் போட்ட சத்தத்தில் நானும் இரண்டு ஹவுஸ் சர்ஜன்களும் அவனையே சுற்றி நின்றோம். சுவரோரப் பெஞ்சில் அரக்குப் பட்டுச்சேலையில் ஒரு பாட்டி. தலையில் வைத்த மல்லிகை கூடக் கலையவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அவனைப் பாருங்க" என்றாள். நடுவில் இரண்டு தடவை, "கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி" என்று கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போயிருந்தது. ரத்தம் இழக்கிறவருக்குத் தாகம் எடுக்கும் என்பதை நான் பரீட்சையில் எழுதித் தேறியவள். அன்றைக்கு அந்தக் குரல் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு பலர் ஒன்றாக வரும் நாட்களில், அறைக்குள் நுழைந்ததும் முதலில் சுவரோரம் போவேன். தண்ணீர் கேட்கிறவரின் கையைத் தொட்டுப் பார்க்காமல் நீயும் நகராதே.

3. ஒரு வரிசை வைத்துக்கொள். எத்தனை வருடமானாலும் அதை விடாதே. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று நீ மனப்பாடம் செய்யப்போகும் வரிசையை உலகமெங்கும் கொண்டுபோன பயிற்சி, ஒரு தகப்பனின் துயரத்தில் பிறந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், 1976 பிப்ரவரி 17 அன்று, ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார். நான்கு பிள்ளைகளுக்கும் காயம். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில், இப்படி அடிபட்டு வருகிறவர்களை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தார். குறை சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். நண்பர்களைச் சேர்த்து 1978-இல் ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். இரண்டு வருடத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக ஏற்றது. ஏ.டி.எல்.எஸ். என்று நீ பணம் கட்டிப் போகப்போகும் வகுப்பு அதுதான். அந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய். வரிசையைத் தாண்டிக் குதிக்கும் தைரியம் எனக்குப் பத்தாவது வருடத்தில் வந்தது. என் பெரிய தவறுகளில் பாதி அதற்குப் பிறகு நடந்தவை.

4. உனக்குக் கீழே என்று சம்பளப் பட்டியல் சொல்கிறவர்கள் பார்ப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். ஐப்பசி மழைக்காலம், விடியற்காலை நாலு மணி. ஏழு வயதுப் பையன், வயிற்றுவலி, ஒரு தடவை வாந்தி. வயிற்றுக்கு ஓர் ஊசி போட்டு, காலையில் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரச்சொல்லி அனுப்பினேன். தரை கூட்டிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, "டாக்டரம்மா, அந்தப் பையனுக்குக் கண்ணு சொக்குதுங்க. தூக்கம் மாதிரி தெரியல" என்றாள். "ராத்திரி பூரா தூங்காத புள்ளைக்குச் சொக்காதா?" என்று கேட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

ஆறரை மணிக்கு அதே அப்பா அதே பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இமை திறக்கவில்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. அதன் கடி பெரும்பாலும் வலிக்காது. பல் பட்ட இடமும் தெரியாமல் போகும். விடியற்காலை வயிற்றுவலியாகத்தான் பலர் வருவார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் செயலிழந்த தசையை அந்த மருந்து உடனே எழுப்பித் தராது. நரம்பு தேறும்வரை நாம்தான் அவனுக்காக மூச்சு விட வேண்டும். எங்களிடம் வென்டிலேட்டர் கிடையாது. கையால் அழுத்திக் காற்று செலுத்தும் அம்பு பேக் இருந்தது. ஹவுஸ் சர்ஜன்கள், சிஸ்டர், பையனின் அப்பா, அந்த ஆயா, நான் என்று முறை வைத்து இரண்டு இரவும் மூன்று பகலும் அழுத்தினோம். ஆயா தன் முறை வரும்போது "ஒண்ணு... ரெண்டு..." என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்துவாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் புருவத்தைச் சுருக்கினான். பிழைத்துக்கொண்டான். விடியலில் வயிற்றுவலியோடு வருகிற பிள்ளையிடம் எங்கே படுத்திருந்தாய் என்று கேள், இமையைப் பார்.

நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் டெம்போவிலும் சரக்கு ஆட்டோவிலும் கால் வெளியே தொங்க வருவார்கள். இப்போது உன்னிடம் வருகிற 108 ஊழியரும் வண்டி ஓட்டும் பைலட்டும் வண்டி எப்படி நசுங்கியிருந்தது, ஆள் எங்கே கிடந்தார் என்று பார்த்தவர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஒரு நிமிடம் நிறுத்திக் கேள்.

5. இது எனக்கு மிக முக்கியம். நம் வேலையில், ஆள் நம் கையை விட்டுப் போய்விடுகிறான். தியேட்டருக்கோ, வார்டுக்கோ, வேறு ஊருக்கோ, மார்ச்சுவரிக்கோ. நாம் நினைத்தது சரியா, செய்தது உதவிற்றா என்று தெரியுமுன் அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். இப்படியே போனால் கைக்குத் தவறும் பழகிவிடும். தவறு என்றே தெரியாமல் பழகிவிடும். அதனால் ட்யூட்டி முடிந்ததும் மாடி வார்டுக்குப் போய்ப் பார்.

அந்தப் பட்டுச்சேலைப் பாட்டி இறந்த வாரத்தில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, நேரம், பெயர், என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன ஆயிற்று. ஆறு கட்டம். மறுநாள் காலை மாடியேறிப் பார்த்து ஆறாவது கட்டத்தை நிரப்புவேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் ட்ரங்க் கால் போட்டுக் கேட்பேன். முதல் வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, நான்காவது கட்டமும் ஆறாவது கட்டமும் ஒத்துப்போகாத வரிகள் ஐந்துக்கு ஒன்று இருந்தன. நான் நல்ல டாக்டர் என்று ஊரில் பெயர் எடுத்திருந்த வருடம் அது.

பல வருடம் கழித்துத்தான் எர்னஸ்ட் கோட்மனைப் பற்றிப் படித்தேன். பாஸ்டனில் இருந்த அறுவை மருத்துவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, குறைந்தது ஒரு வருடமாவது தொடர்ந்து, சிகிச்சையின் முடிவு என்ன என்று பார்க்க வேண்டும் என்றவர். அவர் வேலை பார்த்த பெரிய மருத்துவமனை அதை ஏற்கவில்லை. வெளியே வந்து தன் சின்ன மருத்துவமனையில் தானே செய்தார். 1911 முதல் 1916 வரை வீட்டுக்கு அனுப்பிய 337 பேரில் 123 தவறுகளை அவரே கண்டுபிடித்து, அவரே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் ஒதுங்கிப் போனார்கள், மருத்துவமனையை மூட வேண்டி வந்தது. 1940-இல் இறந்தவரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைத்தது 2014-இல்தான். அவரைப் படித்த அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் தாண்டி, நான் பிறப்பதற்கு முன்னால், இன்னொருவரும் ஆறாவது கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

6. மாடியேறிப் பார்த்தாலும் உன் கண்ணுக்குத் தெரியாத தவறுகள் உண்டு. ஆராய்ச்சி அதற்காகத்தான். தலைக்காயம் வந்தால் ஸ்டீராய்டு ஊசி போடு, மூளை வீக்கம் வடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் என் ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பார். போடாவிட்டால் மனசு கேட்காது. 2004 அக்டோபரில் கிராஷ் என்ற ஆய்வின் முடிவு லான்செட் இதழில் வந்தது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 10,008 பேரோடு நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21.1. பெறாதவர்களில் 17.9. அவர்கள் கொடுத்த மருந்தும் நான் போட்ட டெக்ஸாவும் பெயரில் வேறு, இனத்தில் ஒன்று.

அன்று இரவு பழைய நோட்டுகளை எடுத்து, ஐந்தாவது கட்டத்தில் "டெக்ஸா" என்று என் கையெழுத்தில் இருந்த வரிகளை எண்ண ஆரம்பித்தேன். நானூறு தாண்டியதும் மூடி வைத்துவிட்டேன். உன் மாமா எழுந்து வந்து விளக்கைப் போட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நூற்றுக்கு மூன்று பேர் என்ற வித்தியாசத்தை எந்த டாக்டரும் தன் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு ஆஸ்பத்திரி போதாது, ஓர் ஆயுசும் போதாது. பல நாடுகளில் பல ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பொறுமையாக எண்ணினால்தான் அது வெளியே வரும். ஆராய்ச்சி என்பது பட்டம் வாங்கச் செய்கிற சடங்கு என்று யாராவது உன்னிடம் சொன்னால், அந்த நானூறு வரிகளை நினைத்துக்கொள்.

7. அதே ஆராய்ச்சி நல்ல செய்தியும் கொண்டுவரும். அந்த கிராஷ் ஆய்வை நடத்திய இயன் ராபர்ட்ஸ் குழுவே 2010-இல் இன்னொன்றை வெளியிட்டது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், அடிபட்டு ரத்தம் இழந்துகொண்டிருந்த, அல்லது இழக்கும் அபாயத்தில் இருந்த 20,211 பேர். நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. மாதவிடாய் உதிரப்போக்குக்கு நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மலிவான டிரனெக்ஸாமிக் ஆசிட், இறப்பை நூற்றுக்கு 16.0-இலிருந்து 14.5-ஆகக் குறைத்தது. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அதைத் தாண்டிப் போட்டால் கெடுதலாகவும் முடியலாம் என்று அடுத்த வருடம் தெரிந்தது.

அந்த மருந்தைக் கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் உடாகோ ஒகமோடோ என்ற ஜப்பானியப் பெண்மணி. 1962-இல் வெளியிட்டார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களுக்கு இது உதவும் என்று நம்பினார். அந்நாட்டு மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க அப்போது முன்வரவில்லை. தன் 98-ஆம் வயதில், 2016-இல் அவர் இறந்தார். 20,060 தாய்மார்களைச் சேர்த்த ஆய்வு, ரத்தப்போக்கால் நேரும் சாவை அந்த மருந்து குறைக்கிறது என்று சொன்னது 2017-இல். நீ தொடங்கும் எதையும் நீ இருக்கும்போதே அறுவடை செய்வாய் என்று எண்ணாதே, கண்ணு. அறுப்பது யாராக இருந்தாலும் விதை முளைத்திருக்கிறது.

8. காலியாக இருக்கும் கட்டத்தைக் காலியாகவே விடு. டிரனெக்ஸாமிக் வந்த பிறகு, நம் ஆஸ்பத்திரியில் அடிபட்டதிலிருந்து ஊசி போடும்வரை எவ்வளவு நேரமாகிறது என்று நான் ஒரு கணக்கு எடுத்தேன். பல கேஸ் ஷீட்டில் அடிபட்ட நேரமே இல்லை. ஊர் எங்கே, வண்டி எவ்வளவு நேரத்தில் வந்திருக்கும் என்று நானே உத்தேசமாகப் போட்டு நிரப்பினேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. சமூக மருத்துவத் துறைச் சிநேகிதி ஒருத்தி தாளைப் புரட்டிவிட்டு, "அக்கா, உங்க ஊர்ல எல்லாரும் மணி அடிச்சாப்புல முழு மணிக்கும் அரை மணிக்குமே அடிபடறாங்களே?" என்று மெதுவாகக் கேட்டாள். மாநாட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் ஊகித்து எழுதிய நேரத்தை நம்பி இன்னொரு ஊரில் ஒருவர் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஊசி போட்டிருந்தால்? அடுத்த மாதத்திலிருந்து, நேரம் தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதக் கற்றுக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் எல்லாரும் நேரத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

9. ஆய்வுக்குச் சம்மதம் வாங்கும்போது, புருஷனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண் எதிலும் கைநாட்டு வைப்பாள். நீ நீட்டுவது வீட்டுப் பத்திரமாக இருந்தாலும் வைப்பாள். அதைச் சம்மதம் என்று எண்ணி நிம்மதி அடையாதே. மறுநாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம், வேண்டாமென்றால் இப்போதே நிறுத்திவிடலாம், வைத்தியம் குறையாது என்று மறுபடி சொல். வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வா.

10. முதலில் உயிர், பிறகுதான் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேடு. விபத்துக் கேஸைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்று பயந்து, அடிபட்டவனை வாசலோடு திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியாராயினும் உயிரைக் காப்பதே முதல் கடமை, மற்றதெல்லாம் பிறகு என்று தீர்ப்புச் சொன்னது. யாரோ வழிப்போக்கன் தூக்கிக்கொண்டு வந்தால் அவனை உட்கார வைத்து விசாரிக்காதே. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அவனுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து அனுப்பு.

ஆனால் ஏ.ஆர். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுது. கூட வந்தவன் சொன்னதைக் கேட்டு, "வண்டியிலிருந்து கீழே விழுந்ததாக" என்று நான் ஒரு வரி எழுதிவிட்டேன். பின்னால் வந்த லாரி இடித்ததைப் பார்த்தவர்கள் வேறே இருந்தார்கள். அந்த ஒரு வரியைக் காட்டிக் காட்டியே, அடிபட்டவன் மனைவியின் இழப்பீட்டு வழக்கு ஏழு வருடம் இழுத்தது. சாட்சி சொல்லப் போன அன்று தீர்ப்பாய வராந்தாவில் அவளைப் பார்த்தேன். ஏ.ஆர். எழுதிய அன்று அவள் இடுப்பில் இருந்த குழந்தை, பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் நின்றது. யார் சொன்னது என்று எழுது. நீ பார்த்ததைத் தனியாக எழுது. பின்னால் வந்து திருத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் திருத்தாதே.

11. எந்த இடத்தில் அடிபட்டார் என்பதையும் எழுது. என் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. பிறகு ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடத்துக் கணக்கைப் பார்த்தபோது, ஒரே பாலத்துத் திருப்பத்திலிருந்து பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். அங்கே சாலைக்கு நடுவே இருந்த இடைவெளியை அடைத்து, விளக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து மூன்று பேர் வந்தார்கள். என் கையால் தைத்த எந்தக் காயத்தையும்விட அந்த நாலு நடை பெரிது. 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் எவ்வளவோ பேர் இப்படி ஒரு திருப்பத்தின் பெயரோடு ஏதோ ஒரு நோட்டில் இருப்பார்கள்.

12. பூச்சிமருந்து குடித்து வந்தவர்களைத் திட்டாதே. வயிற்றைக் கழுவிக்கொண்டே, "பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்பது எங்கள் காலத்தில் வைத்தியத்தோடு சேர்ந்தே இருந்தது. நானும் கேட்டேன். பத்தொன்பது வயதுப் பெண். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு மாதம் கழித்து மறுபடி வந்தாள். அந்தத் தடவை என்னால் காப்பாற்ற முடியவில்லை. முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சு, தாயி?" என்று கேட்டிருக்கலாம். இப்போது 2017-ஆம் வருட மனநலச் சட்டமே, அப்படி வருகிறவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மனநல மருத்துவர் பார்க்காமல் அவர்களை வீட்டுக்கு அனுப்பாதே.

இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. எந்தப் புட்டியால் யார் இறக்கிறார்கள் என்று வார்டில் இருந்த மருத்துவர்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த கணக்கும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

13. சாவைச் சொல்லும்போது உட்கார்ந்து சொல். முதலில் கையைக் கழுவு, ரத்தம் பட்ட கோட்டை மாற்று, அவருக்கு இறந்தவர் என்ன உறவு என்று கேட்டுத் தெரிந்துகொள். "முயற்சி பண்ணிட்டிருக்கோம்" என்று இழுக்காதே. "போயிட்டார்" என்றும் சொல்லாதே, எங்கே போய்விட்டார் என்று கேட்ட ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். "இறந்துட்டாருங்க" என்று சொல். பிறகு பேசாமல் இரு. அந்தப் பேசாத இரண்டு நிமிடம்தான் நமக்குத் தாங்காது, எழுந்து ஓடச் சொல்லும். உட்கார்ந்திரு.

14. இரவு ட்யூட்டி முடித்து நீயே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதே. வேறெதையும் நீ கேட்காவிட்டாலும் இதைக் கேள். சாப்பிடு, தூங்கு, அழுகை வந்தால் சிஸ்டர் அறையில் போய் அழு.

15. என்னுடைய இருபத்தாறு நோட்டுகளும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பெயர்கள் உள்ளதால் உனக்குத் தரமாட்டேன். நேரில் வரும்போது ஒரு பக்கம் மட்டும், பெயரை மறைத்துக் காட்டுகிறேன். மறைக்க அதில் பெயரும் இல்லை. 1991 ஜூலை, இரவு 2.20. "பெயர் தெரியாத ஆண், சுமார் 14. லாரி கிளீனர். தலைக்காயம்." ஸ்டீராய்டு போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். விரல் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. மறுநாள் உன் அப்பாவுக்குப் பெண் பார்க்கும் நாள். அதற்கடுத்த நாளும் ஊரில் இருந்தேன். நாலாம் நாள் போன் போட்டபோது, பெயர் இல்லாத ஆளை எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆறாவது கட்டம் அப்படியே இருக்கிறது.

உன் முதல் நோட்டுக்கு ஸ்கேலும் பென்சிலும் வைத்துக் கோடு போடும்போது அந்தக் கடைசிக் கட்டத்தை அகலமாகப் போடு. நான் ஒடுக்கமாகப் போட்டுவிட்டேன். பல பேருக்கு ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதவேண்டி வந்தது.

அத்தை